எந்தச் சாத்தன், எந்த ஔவை?

2024 மக்களவைத் தேர்தலில் ராமநாதபுரம் தொகுதியில் முன்னாள் முதலமைச்சர் ஓ. பன்னீர்செல்வம் சுயேச்சையாக நின்றார். சின்னம் பலாப்பழம். அவரோடு இன்னும் நாலைந்து பன்னீர்செல்வங்களும் களத்தில் இறங்கினார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு முதலெழுத்தும் 'ஓ'தான். இத்தனை 'ஓ'க்களை எங்கிருந்து தேடிப் பிடித்தார்கள் என்று வெளியூர்க்காரர்கள் வியந்தார்கள். மதுரைப் பக்கத்தில் யாரும் வியந்ததாகத் தெரியவில்லை. உசிலம்பட்டி வட்டாரத்தில் ஒச்சாண்டம்மன் பேரை ஒட்டிப் பிள்ளைகளுக்குப் பெயர் வைப்பது பழைய வழக்கம். ஆகவே 'ஒ', 'ஓ' என்று தொடங்கும் பெயருள்ள தகப்பன்மாருக்கு அங்கே பஞ்சமில்லை. பன்னீர்செல்வத்துக்கும் பஞ்சமில்லை. கடைசியில் அவர் மூன்று லட்சத்துக்கும் மேல் வாக்கு வாங்கி இரண்டாம் இடத்துக்கு வந்தார்.

ஒரே பெயர்க்காரர்களை நிறுத்தி வாக்கைப் பிரிக்கும் இந்த வித்தை வேறு இடங்களில் பலித்திருக்கிறது. 2004இல் ஆலப்புழையில் காங்கிரசின் வி.எம். சுதீரன் தோற்றது 1,009 வாக்கில். அதே தேர்தலில் நின்ற வி.எஸ். சுதீரன் என்பவர் எட்டாயிரத்துக்கும் மேல் வாங்கியிருந்தார். 2014இல் சத்தீஸ்கரின் மகாசமுந்து தொகுதியில் பா.ஜ.க. வேட்பாளர் சந்துலால் சாகுவைச் சுற்றிப் பத்துச் சாகுக்கள் நின்றார்கள். அவர் அஜித் ஜோகியை 1,217 வாக்கு வித்தியாசத்தில் வென்று தப்பினார். பெயர்க் குழப்பத்தைத் தவிர்க்கத்தான் 2015 மே மாதத்துக்குப் பிறகு நடக்கும் தேர்தல்களில் வாக்குப்பதிவு இயந்திரத்தில் வேட்பாளரின் படத்தையும் ஒட்டச் சொன்னது தேர்தல் ஆணையம். ஒரே பெயர்க்காரர்களைத் தடுக்க வேண்டும் என்று 2024இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனவர்களின் மனு ஏற்கப்படவில்லை. பெற்றோர் வைத்த பெயருக்காக ஒருவரைத் தேர்தலில் நிற்காதே என்று எப்படிச் சொல்ல முடியும் என்பது நீதிபதிகளின் கேள்வி.

ஆனால் 1961ஆம் ஆண்டுத் தேர்தல் நடத்தை விதிகளில் இதற்கென்று ஏற்கெனவே ஓர் ஏற்பாடு இருக்கிறது. இரண்டு வேட்பாளர்களுக்கு ஒரே பெயர் இருந்தால் அவர்கள் செய்யும் தொழிலையோ குடியிருக்கும் ஊரையோ வேறு ஏதேனும் அடையாளத்தையோ பெயரோடு சேர்த்துப் பிரித்துக் காட்ட வேண்டும் என்கிறது அது. சங்க இலக்கியத்தோடு பழக்கமுள்ள எவரும் இந்த விதியைப் படித்தால் புன்னகைப்பார். எட்டுத்தொகையைத் தொகுத்தவர்கள் செய்தது அதைத்தான்.

சங்கப் பாடல்கள் 2,381. பாடிய புலவர்களாகப் பெயர் தெரிந்தவர்கள் 473 பேர் என்பது வழக்கமான கணக்கு. இந்தப் பட்டியலை ஒருமுறை மேலிருந்து கீழே வாசித்தாலே போதும், இயற்பெயர்கள் மிகச் சிலவே என்பது விளங்கிவிடும். கண்ணன், கீரன், சாத்தன், நாகன், பூதன், கொற்றன், ஆதன், தேவன் என்று ஒரு சிறு கூடைக்குள் அடங்கும் பெயர்களே திரும்பத் திரும்ப வருகின்றன. அவை புலவர்களுக்கு மட்டும் உரியவையும் அல்ல. கீழடிப் பானை ஓட்டில் ஆதன் இருக்கிறான். எகிப்தின் செங்கடல் துறைமுகமான குசேர் அல் காதிமில் கிடைத்த ஓடுகளில் தமிழ்ப் பிராமி எழுத்தில் கணனும் சாதனும் இருக்கிறார்கள். ஓமனின் கோர் ரோரியில் கிடைத்த ஓட்டில் ஒரு கீரன். கடல் கடந்து போன வணிகனுக்கும் மதுரையில் பாட்டுக் கட்டியவனுக்கும் ஊரில் மாடு மேய்த்தவனுக்கும் ஒரே பெயர் இருந்த காலம் அது.

அப்படிப்பட்ட சமூகத்தில் 'சாத்தன் பாடியது' என்று எழுதி வைப்பதும் எழுதாமல் விடுவதும் ஒன்றுதான். அதனால் தொகுத்தவர்கள் ஒட்டுகளைச் சேர்த்தார்கள். சீத்தலைச் சாத்தனார், பெருந்தலைச் சாத்தனார், ஆலம்பேரி சாத்தனார், தொண்டி ஆமூர்ச் சாத்தனார், கருவூர்க் கதப்பிள்ளைச் சாத்தனார், கருவூர்ப் பூதஞ்சாத்தனார் என ஊரும் தகப்பன் பெயரும் முன்னால் வந்து நிற்கின்றன. கீரன்களின் கதை இன்னும் சுவையானது. மோசிகீரனார் ஒருவர், முரசு கட்டிலில் ஏறித் தூங்கி, சேரன் கையால் விசிறப்பட்டவர். பொருந்தில் இளங்கீரனார் ஒருவர். இடையன் நெடுங்கீரனார் ஒருவர், குறுங்கீரனார் இன்னொருவர். நெட்டைக் கீரன், குட்டைக் கீரன்! இன்றைக்கும் எந்த ஊர்த் தெருவிலும் இரண்டு முருகேசன்களை இப்படித்தான் பிரிக்கிறார்கள்.

தொழில் ஒட்டுகள் தனி உலகம். மதுரைக் கூலவாணிகன், மதுரை அறுவை வாணிகன், உறையூர் மருத்துவன், தங்கால் பொற்கொல்லன், மதுரைப் பெருங்கொல்லன், மதுரைத் தமிழ்க்கூத்தன், இளம்பாலாசிரியன் என்று தானியக்கடை முதல் துணிக்கடை வரை, உலைக்களம் முதல் பள்ளிக்கூடம் வரை பட்டியல் நீள்கிறது. சங்க காலத்தில் எல்லாத் தொழிலாரும் பாடினார்கள் என்பதற்குச் சான்றாக இந்த ஒட்டுகளை மேடையில் அடுக்குவது நம் வழக்கம். அது சரிதான். ஆனால் ஒட்டுகள் சேர்க்கப்பட்டதன் நோக்கம் பெருமை பேசுவது அல்ல, ஆள் மாறாமல் பார்த்துக்கொள்வது. அகநானூற்றைத் தொகுத்தவரின் பெயரே மதுரை உப்பூரிகுடி கிழான் மகனார் உருத்திரசன்மன் என்று ஊர், குடி, தகப்பன், இயற்பெயர் நான்கோடும் நமக்கு வந்திருக்கிறது. ஒரு பத்திர எழுத்தர்கூட இவ்வளவு கவனமாக எழுதமாட்டார்.

ஒட்டு இருக்கும்வரை ஆள் இருக்கிறார். அது உதிர்ந்தால், அல்லது முதலிலிருந்தே இல்லாமல் போனால், ஒரே பெயர்க்காரர்கள் ஒருவருக்குள் ஒருவர் கரைந்துவிடுகிறார்கள். தமிழில் அப்படிக் கரைந்தவர்களில் பெரியவர் ஔவையார்.

சங்கத் தொகைகளில் ஔவையார் பாடியவை 59. புறநானூற்றில் 33, குறுந்தொகையில் 15, நற்றிணையில் 7, அகநானூற்றில் 4. இத்தனை பாடியும் அவர் பெயருக்கு முன்னால் எதுவும் இல்லை. ஊர் இல்லை, தகப்பன் இல்லை, தொழில் இல்லை. வெறும் ஔவையார். அந்தக் காலத்தில் அவரை ஒட்டுப் போட்டுச் சொல்லத் தேவை இருந்திருக்காது. அதியமான் அவைக்குப் போய்வந்த ஔவை என்றால் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். அந்தப் புகழே பின்னால் அவருக்கு வினையாயிற்று.

புறநானூற்றைத் திறந்து அந்த ஔவையைத் தேடினால் கிடைப்பவர் நாம் பள்ளியில் பார்த்த பாட்டி அல்லர். 89ஆம் பாட்டில் பகையரசன் ஒருவன் அவரை மை தீட்டிய கண்ணும் ஒளிரும் நெற்றியும் கொண்ட விறலி என்று விளித்து, உங்கள் நாட்டில் போரிட ஆள் உண்டா என்று கேட்கிறான். அந்த விறலி கொடுக்கும் பதிலில் மிடுக்குக்குக் குறைவில்லை. 95இல் தொண்டைமானின் ஆயுதச் சாலையைப் பார்த்துவிட்டு, புதுக்கருக்கு மாறாமல் பளபளக்கும் அவன் வேல்களைப் புகழ்வதுபோல் கேலி செய்கிறார். அதியமானின் வேல்களோ ஓயாத போரில் நுனி மழுங்கிக் கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன. 235 அதியமான் இறந்தபோது பாடியது. கள் கொஞ்சம் கிடைத்தால் எங்களுக்கே தந்துவிடுவான், நிறையக் கிடைத்தால் நாங்கள் பாடத் தானும் சேர்ந்து குடித்து மகிழ்வான் என்று அழுகிறார். அரசனோடு உட்கார்ந்து குடித்த தோழி அவர்.

அந்த அதியமான் கற்பனை அல்லன். 1981இல் திருக்கோவிலூருக்குப் பக்கத்தில் ஜம்பை என்ற ஊரின் குன்றில் ஒரு குகைக் கல்வெட்டு கண்டுபிடிக்கப்பட்டது. தமிழ்ப் பிராமியில் ஒரே ஒரு வரி. சதியபுதோ அதியன் நெடுமான் அஞ்சி என்பவன் கொடுத்த பள்ளி அது என்று சொல்கிறது. அசோகன் கல்வெட்டுகளில் சோழ, பாண்டிய, கேரளரோடு சேர்த்துச் சொல்லப்படும் சதியபுதர் யார் என்ற நெடுநாள் கேள்விக்கும் அதிலேயே விடை கிடைத்தது. கல்வெட்டின் காலம் ஏறத்தாழக் கி.பி. முதல் நூற்றாண்டு என்பது ஐராவதம் மகாதேவன் கருத்து. இன்னும் முந்தியது என்பாரும் உண்டு. எப்படிப் பார்த்தாலும் நெடுமான் அஞ்சியைப் பாடிய ஔவையின் காலத்துக்கு இதைவிட நல்ல பிடிமானம் வேண்டியதில்லை.

இப்போது நல்வழிக்கு வருவோம். அதுவும் ஔவையார் பாடியதுதான். அதன் கடைசி வெண்பா, குறளும் மூவர் தேவாரமும் திருக்கோவையாரும் திருவாசகமும் திருமூலர் மொழியும் ஒரே பொருளையே சொல்கின்றன என்கிறது. திருவாசகத்தின் காலத்தை ஒன்பதாம் நூற்றாண்டு என்று கொள்வோர் பலர். அப்படியானால் அதைப் பெயர் சொல்லிக் குறிப்பிடும் ஔவை, அதியமானோடு கள் குடித்த ஔவைக்கு ஏறத்தாழ எண்ணூறு ஆண்டு பிந்தியவர். ஆத்திசூடியும் கொன்றை வேந்தனும் மூதுரையும் இந்தப் பிற்கால ஔவையின் பெயரில் வழங்குபவை. குண்டலினி யோகம் பேசும் விநாயகர் அகவலும் ஔவைக் குறளும் இன்னொருவருடையவையாக இருக்கலாம் என்பது பல ஆய்வாளர் கருத்து. கம்பரோடும் ஒட்டக்கூத்தரோடும் சொற்போர் புரியும் தனிப்பாடல் ஔவை வேறு. தென்மாவட்டங்களில் பெண்கள் ஆடவரை விலக்கிவிட்டு, இரவில் உப்பில்லாக் கொழுக்கட்டை செய்து கும்பிடும் ஔவையார் நோன்புக்கு உரியவள் யார் என்று கேட்டால் ஏட்டில் பதில் இல்லை.

ஊர் நினைவு இவர்கள் அத்தனை பேரையும் ஒரே பாட்டியாக்கியது. பொதுமக்களின் அறியாமை என்று இதை ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் காலக் கணக்கைக் கவனிக்காமல் இல்லை. ஒருத்தி எப்படி ஆயிரம் ஆண்டு வாழ முடியும் என்ற கேள்விக்குக் கதைக்குள்ளேயே விடை வைத்திருக்கிறார்கள். அதியமான் தந்த நெல்லிக்கனி சங்கப் பாட்டில் அரசனின் அன்புக்கு அடையாளம். பிற்காலக் கதையில் அதுவே ஔவையின் நீண்ட ஆயுளுக்குக் காரணம். விறலியின் இளமைக்கும் பாட்டியின் நரைக்கும் இடையிலுள்ள முரணை, கல்யாணத்தைத் தவிர்க்க விநாயகரிடம் முதுமை வேண்டிப் பெற்றாள் என்ற கதை தீர்த்துவைக்கிறது. 1953இல் ஜெமினி எடுத்த 'ஔவையார்' படம் இந்தக் கதைகளை எல்லாம் ஒரே வாழ்க்கையாகக் கோத்துக் கே.பி. சுந்தராம்பாளின் உருவத்தில் நிறுத்தியது. அதற்குப் பிறகு யார் எத்தனை கட்டுரை எழுதியும் அந்த உருவத்தை அசைக்க முடியவில்லை. தனிப்பட என் வருத்தம் ஒன்றுண்டு: இந்தக் கலப்பில் பாட்டிக்கு இழப்பு எதுவும் இல்லை, விறலிதான் காணாமல் போனாள்.

நக்கீரர் விஷயம் வேறு மாதிரி. அவருக்கு ஒட்டு உண்டு: மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார். கணக்காயர் என்றால் பாடம் சொல்லித்தரும் ஆசிரியர். நெடுநல்வாடை அவருடையது. ஆனால் தருமிக்குப் பொற்கிழி கிடைக்கவிடாமல் இறைவனோடு வாதாடிய நக்கீரரைக் கதை சங்கு அறுக்கும் குலத்தவர் என்கிறது. ஆசிரியர் மகனும் சங்கு அறுப்பவரும் ஒருவரேயா என்ற கேள்வியைத் திருவிளையாடல் கேட்பவர்கள் கேட்பதில்லை. பதினோராம் திருமுறையில் நக்கீரதேவ நாயனார் என்ற பெயரில் காளத்தியையும் கண்ணப்பரையும் பாடிய நூல்கள் வேறு இருக்கின்றன. பத்துப்பாட்டின் முதல் பாட்டான திருமுருகாற்றுப்படை அங்கேயும் சேர்க்கப்பட்டிருக்கிறது. ஆக, இரண்டு நக்கீரர்களையும் இணைக்கும் பாலமாக அது கிடக்கிறது. எந்தக் கரைக்கு உரியது என்பதில் அறிஞர்கள் ஒத்துப்போகவில்லை.

இறையனார் களவியல் உரையோ நேர்மையான ஆவணம். நக்கீரர் சொன்ன பொருள், அவர் மகன் கீரவிக்கொற்றனார் தொடங்கித் தலைமுறை தலைமுறையாக ஆசிரியர்கள் வழியாக முசிறி நீலகண்டனாரை வந்து அடைந்தது என்று உரையே பெயர்களை அடுக்குகிறது. ஏழாம் நூற்றாண்டுப் பாண்டியனைப் பாடும் பாண்டிக்கோவைச் செய்யுள்களை அது மேற்கோள் காட்டுவதற்கும் இந்த விளக்கம் பொருந்துகிறது. நாமோ இடையில் இருந்தவர்களை எல்லாம் தள்ளிவிட்டு 'நக்கீரர் உரை' என்று சுருக்கிவிட்டோம்.

கபிலர், பரணர், கல்லாடர் மூவருக்கும் பதினோராம் திருமுறையில் 'தேவ நாயனார்' என்ற வாலோடு நிழல்கள் உண்டு. இந்த வரிசையைப் பார்க்கும்போது இது தற்செயலாகப் பெயர் ஒத்துப்போனது என்று தோன்றவில்லை. பெரியவர்கள் பெயரைப் பக்தியோடு பூண்டுகொண்டவர்கள், அல்லது பூட்டப்பட்டவர்கள் என்றே நினைக்கத் தோன்றுகிறது. மருத்துவச் சுவடிகளில் அகத்தியர் பெயரும் இப்படிப் பூட்டப்பட்டதுதான். பட்டினத்தாரிலும் இருவர் உண்டு: திருமுறையில் ஐந்து நூல் உள்ள பட்டினத்துப் பிள்ளையார், துறவுப் பாடல்களால் எல்லோர் வாயிலும் புழங்கும் பிற்காலத்தவர்.

பிரிப்பதிலும் ஓர் ஆபத்து இருக்கிறது. காலம் உதைக்கும் இடத்தில் எல்லாம் இன்னொரு ஆளை உண்டாக்கினால் ஔவையார்களும் நக்கீரர்களும் கட்டுரைக்குக் கட்டுரை பெருகிக்கொண்டே போவார்கள், பெருகித்தான் இருக்கிறார்கள். சைவ சித்தாந்த மகா சமாஜம் 1940இல் வெளியிட்ட சங்க இலக்கியப் பதிப்பைப் பார்த்தால் இந்தச் சிக்கலின் நிஜமான கனம் புரியும். எஸ். வையாபுரிப்பிள்ளை அதில் பாடல்களைத் தொகை வாரியாக வைக்காமல் புலவர் வாரியாக அடுக்கினார். அப்படி அடுக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு பெயரிலும் பதிப்பாசிரியர் ஒரு தீர்ப்புச் சொல்லியாக வேண்டும். மருதன் இளநாகனாரும் மதுரை மருதன் இளநாகனாரும் ஒருவரா, இருவரா? ஏடு எழுதியவர் கை சோர்ந்து 'மதுரை'யை விட்டிருந்தால் ஒருவர். வேண்டுமென்றே விட்டிருந்தால் இருவர். மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனாரும் மணிமேகலை பாடிய சாத்தனாரும் ஒருவரா என்ற கேள்விக்கு வையாபுரிப்பிள்ளையின் பதில், வேறு வேறு என்பது. ஊரும் தொழிலும் இயற்பெயரும் மூன்றும் பொருந்தி வந்த பிறகும் ஆள் ஒன்றல்ல என்கிறார். மணிமேகலையின் மொழியையும் அளவை நூற் பகுதியையும் பார்த்தால் அவர் பக்கமே சாயத் தோன்றுகிறது. ஆனாலும் ஒட்டுகள் இத்தனை துல்லியமாக ஒத்துப்போவது எப்படி என்ற உறுத்தல் விடுவதாயில்லை.

ஊரையும் தகப்பனையும் முன்னால் போடும் வழக்கம் நம்மைவிட்டுப் போகவில்லை. அவற்றை ஓரெழுத்தாகக் குறுக்கிக்கொண்டோம், அவ்வளவுதான். குறுக்கியதில் வந்த விபரீதத்துக்கு இருபதாம் நூற்றாண்டிலேயே அழகான உதாரணம் உண்டு. சோழவந்தானை அடுத்த தென்கரையைச் சேர்ந்தவர் டி.ஆர். மகாலிங்கம், 'ஸ்ரீவள்ளி', 'நாம் இருவர்' படங்களின் நாயகர், உச்சஸ்தாயியில் பாடி ஜனங்களைக் கட்டிப்போட்டவர். திருவிடைமருதூரைச் சேர்ந்தவர் டி.ஆர். மகாலிங்கம், கர்நாடக இசையில் புல்லாங்குழல் வாசிப்பின் போக்கையே மாற்றியவர். முன்னவர் பிறந்தது 1924, பின்னவர் 1926. ஒருவரின் டி தென்கரை, மற்றவரின் டி திருவிடைமருதூர். ஒருவரின் ஆர் ராமகிருஷ்ணன், மற்றவரின் ஆர் ராமசாமி. சங்கத் தொகுப்பாளர் கையில் கிடைத்திருந்தால் தென்கரை ராமகிருஷ்ணன் மகனார் மகாலிங்கனார், திருவிடைமருதூர் ராமசாமி மகனார் மகாலிங்கனார் என்று தெளிவாக நின்றிருப்பார்கள். இரண்டு எழுத்தாகச் சுருங்கியதால் இருவரும் ஒருவரானார்கள். கடைசியில் ஜனங்கள் பழைய வழிக்கே போய்த் தொழிலைச் சேர்த்து, பின்னவரைப் 'புல்லாங்குழல் மாலி' ஆக்கினார்கள். 'அந்த நாள்' எடுத்த எஸ். பாலசந்தர் 'வீணை' பாலசந்தர் ஆனதும் இதே கணக்குதான், கே. பாலசந்தர் அப்புறம் வந்தார்.

கணேசன்களுக்கு ஊரும் தொழிலும் உதவவில்லை. அண்ணாவின் நாடகத்தில் சிவாஜியாக நடித்த வி.சி. கணேசனுக்கு அந்த வேடமே பட்டமாயிற்று, கொடுத்தவர் பெரியார். ஜெமினி ஸ்டூடியோவில் வேலை பார்த்த ஆர். கணேசன், 'பராசக்தி'க்குப் பிறகு குழப்பம் வராதிருக்க நிறுவனத்தின் பெயரை முன்னால் போட்டுக்கொண்டார். 'பாசமலர்' வந்த 1961இல் இரண்டு கணேசன்களும் ஒரே திரையில் அண்ணனாகவும் தங்கை கணவனாகவும் நின்றபோது யாரும் குழம்பவில்லை. வேடிக்கை அதற்குப் பிறகுதான். பெங்களூரிலிருந்து ஒரு சிவாஜி ராவ் வந்தார். சிவாஜி அவருக்குப் பிறப்பிலேயே வைத்த பெயர். கணேசனுக்கோ வேடத்தால் வந்தது. ஆனால் தமிழ்த் திரையில் அந்தப் பெயர் ஏற்கெனவே ஒருவருக்குச் சொந்தமாகிவிட்டது. பிறப்பால் சிவாஜியானவர் விட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று. கே. பாலசந்தர் தம் 'மேஜர் சந்திரகாந்த்' கதையின் ஒரு பாத்திரத்திலிருந்து ரஜினிகாந்த் என்ற பெயரை எடுத்துக் கொடுத்தார். அந்த மனிதருக்குத் தம் சொந்தப் பெயர் திரும்பக் கிடைத்தது 2007இல், ஒரு படத்தின் தலைப்பாக.

எழுத்துலகில் ரங்கராஜன்கள். குமுதத்தில் எஸ். ரங்கராஜன் எழுத வந்தபோது அங்கே ரா.கி. ரங்கராஜன் ஏற்கெனவே பிரபலம். பின்வந்தவர் மனைவியின் பெயரை எடுத்துக்கொண்டு சுஜாதா ஆனார். ஒரு குழப்பத்தைத் தவிர்க்கப் போய் இன்னொன்று வந்தது. எழுத்தாளர் பெண் என்று நினைத்த வாசகர்கள் உண்டு. பிறகு நடிகை சுஜாதாவும் பாடகி சுஜாதாவும் வந்து சேர்ந்தார்கள். நூலகத்தில் 'சுஜாதா' என்று தேடுகிறவர் இன்றைக்கும் கூடுதலாக ஒரு சொல் தட்ட வேண்டியிருக்கிறது.

தம் பெயரால் இன்னொருவரைப் புனைபெயருக்குத் துரத்திய ரா.கி. ரங்கராஜனாவது அந்தப் பெயரோடு நிம்மதியாக இருந்தாரா என்றால் அதுவும் இல்லை. வரலாற்று நாவல், குறும்புக் கதை, சினிமாத் துணுக்கு என்று வகைக்கு ஒன்றாக சூர்யா, ஹம்சா, துரைசாமி, கிருஷ்ணகுமார், மாலதி, முள்றி, வினோத், அவிட்டம் என்ற பெயர்களில் எழுதிக் குவித்தார். பழைய குமுதம் இதழ்களை வைத்து நூற்பட்டியல் தயாரிக்க உட்காருகிறவர் அங்கே தலைகீழான வேலையைச் செய்தாக வேண்டும்: எட்டுப் பத்துப் பேரைச் சேர்த்து ஒரே ஆளாக்குவது.